பெற்றோரைப் பார்க்கிறவருக்கும் ஓய்வு வேண்டும்: ஜேர்மனியின் பராமரிப்புக் காப்பீட்டுப் பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்த ஈழத்தமிழரில் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒரு வீட்டில் பக்கவாதம், இன்னொரு வீட்டில் மறதி நோய், மற்றொன்றில் முழங்கால் தேய்ந்து படி இறங்க முடியாத அப்பா. பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். மாதாமாதம் வரும் பராமரிப்புப் பணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பார்க்கிறவர் ஓய்வெடுக்கவென்றே சட்டம் ஒதுக்கியிருக்கும் பணத்தைப் பற்றித்தான் கதைப்பதில்லை. வருடத்துக்கு 3,539 யூரோ, அதோடு மாதம் 131 யூரோ என்று ஐயாயிரத்தைத் தாண்டும் அந்தத் தொகையை எத்தனையோ குடும்பங்கள் தொடாமலே விட்டுவிடுகின்றன. கீழே உள்ள தொகைகள் 2025 இல் நடைமுறைக்கு வந்தவை.

இது அரசு தரும் உதவிப் பணமா? வாங்கினால் வதிவிட அனுமதிக்குப் பாதிப்பு வருமா?

உதவிப் பணம் இல்லை, காப்பீடு. உங்கள் அப்பா தொழிற்சாலையிலோ உணவகக் குசினியிலோ வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் வெட்டிய தொகையில் இதுவும் ஒன்று. பராமரிப்புக் காப்பீடு 1995 ஜனவரியில் தொடங்கியது. நோர்பேர்ட் புளூம் தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. முதலாளிமாரும் பங்கு கட்ட வேண்டி வந்ததால், அதற்கு ஈடாக நவம்பரில் வரும் ஒரு புரட்டஸ்தாந்து விடுமுறை நாளை எடுத்து வேலை நாளாக்கினார்கள். சாக்சன் மாநிலம் மட்டும் விடுமுறையை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் அங்கே தொழிலாளி இன்றைக்கும் மற்ற மாநிலத்தாரைவிடக் கூடுதலாகக் கட்டுகிறார்.

2025 இல் கட்டண வீதம் வருமானத்தின் 3.6 வீதம். பிள்ளை இல்லாதவர்களுக்கு 4.2. ஓய்வூதியம் எடுப்பவர்கள் முழுவதையும் தாங்களே கட்டுகிறார்கள். ஆகவே அம்மா இப்போதும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிற காப்பீட்டிலிருந்து அவருக்குச் சேர வேண்டியதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இது சமூக உதவி இல்லாததால், வதிவிட அனுமதியை நினைத்தும் பயப்பட வேண்டாம்.

யாருக்குக் கிடைக்கும்?

முதலில் பராமரிப்பு நிலை, அதாவது ‘பிளேகேகிராட்’ வேண்டும். 2017 முதல் ஒன்றிலிருந்து ஐந்து வரை நிலைகள் உள்ளன. விண்ணப்பத்துக்கு முந்தைய பத்து வருடத்தில் குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். கணவரின் பெயரில் குடும்பக் காப்பீட்டில் இருந்த காலமும் சேரும்.

நிலை 1 என்றால் மாதம் 131 யூரோ சுமைக்குறைப்புத் தொகை உண்டு. கையில் தரும் பணம் கிடையாது. நிலை 2 முதல்தான் மாதப் பணம் தொடங்குகிறது: 2 க்கு 347, 3 க்கு 599, 4 க்கு 800, 5 க்கு 990 யூரோ. பார்க்கிறவரின் ஓய்வுக்கென்று வருடத்துக்கு ஒதுக்கிய, கீழே விளக்கப்போகிற 3,539 யூரோவும் நிலை 2 முதல்தான்.

நிலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

காப்பீட்டு நிதியமான ‘பிளேகேகாசே’ (சுருக்கமாகக் ‘காசே’) அனுப்பும் மருத்துவ சேவையின் ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஆறு துறைகளில் புள்ளி போடுவார்கள். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது ஆகியவற்றுக்கு மட்டும் 40 வீத எடை. 27 புள்ளி வந்தால் நிலை 2, 47.5 வந்தால் நிலை 3, எழுபதுக்கு 4, தொண்ணூறுக்கு 5.

எங்கள் ஆட்கள் தவறவிடுவது இங்கேதான். விருந்தாளி வருகிறார் என்று அம்மா நல்ல சேலை கட்டி, தேத்தண்ணி ஊற்றச் சொல்லி, “எல்லாம் நானே செய்வேன்” என்று சிரித்துக்கொண்டு இருப்பார். பக்கத்தில் மொழிபெயர்க்கும் மகனுக்கோ அம்மா இரவில் படுக்கையை நனைப்பதை டொச்சில் (ஜேர்மன் மொழியில்) சொல்ல வாய் வராது. வந்தவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் எழுதுவார்.

அதனால் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எத்தனை தடவை எழுப்பிவிட்டீர்கள், எத்தனை தடவை மருந்தை மறந்தார், அடுப்பை அணைக்காமல் விட்டாரா, இரவில் எத்தனை மணிக்கு எழும்பினீர்கள். அதை வந்தவரிடம் கொடுங்கள். அம்மாவின் முன்னால் சொல்ல முடியாததை வாசலடியில் தனியாகச் சொல்லலாம், அது அவர்களுக்குப் பழக்கம்தான்.

விண்ணப்பித்து 25 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். காசேயின் தவறால் தாமதமானால், தொடங்கும் ஒவ்வொரு கிழமைக்கும் 70 யூரோ உங்களுக்குத் தர வேண்டும்.

அந்த 3,539 யூரோ என்ன?

முன்பு இரண்டு தனிப் பெட்டிகள் இருந்தன. பார்க்கிறவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் வீட்டுக்கு வந்து பார்க்கும் ‘ஃபெர்ஹிண்டருங்ஸ்பிளேகே’ ஒன்று. அதை இங்கே மாற்றாள் பராமரிப்பு என்போம். நோயாளியைச் சில கிழமைக்கு ஒரு இல்லத்தில் விடும் ‘குர்ட்ஸ்சைட்பிளேகே’ மற்றது. அது குறுகிய காலப் பராமரிப்பு. ஒன்றிலிருந்து மற்றதுக்கு எவ்வளவு மாற்றலாம் என்ற கணக்கு ஆலோசகர்களுக்கே தலைசுற்றும். 2025 ஜூலை 1 முதல் இரண்டையும் ஒன்றாக்கி, வருடத்துக்கு 3,539 யூரோ, எப்படி வேண்டுமானாலும் பிரித்து எடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். இரண்டிலும் தலா எட்டுக் கிழமை வரை போகலாம்.

அதோடு இன்னொரு தடையும் போய்விட்டது. முன்பு ஆறு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் மாற்றாள் பணம் கேட்கலாம். இப்போது நிலை 2 கிடைத்த நாளிலிருந்தே உரிமை உண்டு.

நீங்கள் ஏன் இல்லை என்பதற்குச் சான்று தேவையில்லை. சுற்றுலா, கோயில், கலியாணம், சளிக்காய்ச்சல், “களைத்துவிட்டேன்” எல்லாம் காரணம்தான். வருடம் முடிந்தால் மிச்சம் அடுத்த வருடத்துக்குப் போகாது.

மாற்றாளாக உறவினரைப் போடலாமா?

போடலாம், ஆனால் தொகை மாறும். நோயாளிக்கு இரண்டாம் படி வரையிலான இரத்த உறவு, திருமண உறவு, அல்லது ஒரே வீட்டில் இருப்பவர் என்றால், ஒரு வருடத்தில் மாதப் பணத்தின் இரண்டு மடங்குதான் வரும். நிலை 3 இல் அது 1,198 யூரோ. அதற்கு மேல் அவருடைய பயணச் செலவையும் இழந்த சம்பளத்தையும் பற்றுச்சீட்டோடு காட்டினால், 3,539 வரை கேட்கலாம். அயலவர், தோழி, தூரத்து உறவு, பராமரிப்பு நிறுவனம் என்றால் இந்த எல்லை இல்லை.

உறவை நோயாளியிலிருந்து எண்ண வேண்டும், உங்களிலிருந்து அல்ல. அம்மாவை நீங்கள் பார்க்கிறீர்கள், சித்தி வந்து மாற்றுகிறார் என்று வையுங்கள். சித்தி அம்மாவின் தங்கை, இரண்டாம் படி, எல்லை உண்டு. சித்தியின் மகள் அம்மாவுக்குப் பெறாமகள், மூன்றாம் படி, எல்லை இல்லை. பேரப்பிள்ளை இரண்டாம் படி. மருமகள் விஷயத்தில் கவனம்: மகனின் மனைவியும் அம்மாவுக்கு மருமகள், தம்பியின் மகளும் மருமகள். மகனின் மனைவிக்கு எல்லை உண்டு, தம்பியின் மகளுக்கு இல்லை. படிவத்தை நிரப்புகிற பிள்ளை இரண்டையும் ஒரே டொச் சொல்லில் எழுதினால் பணம் பாதியாகக்கூடும்.

நான் மூன்று கிழமை யாழ்ப்பாணம் போகிறேன். கணக்கு எப்படி வரும்?

அம்மா நிலை 3, மாதம் 599 யூரோ எடுக்கிறார். நீங்கள் 21 நாள் இல்லை. உறவில்லாத அயல்வீட்டு அக்கா ஒருவர் நாளுக்கு 60 யூரோவுக்குப் பார்க்கச் சம்மதிக்கிறார். அது 1,260 யூரோ. காசே அதைத் தரும்.

அந்த நாட்களுக்கு மாதப் பணம் பாதியாகும், ஆனால் முதல் நாளும் கடைசி நாளும் முழுதாக வரும். ஆக 19 நாளுக்கு, நாளுக்குச் சுமார் பத்து யூரோ வீதம், 190 யூரோ அளவில் குறையும். இழப்பு அவ்வளவுதான். “மாதப் பணம் வெட்டுப்படும்” என்ற பயத்தில் கேட்காமல் விடுகிறவர்கள் 190 யூரோவைக் காப்பாற்ற 1,260 யூரோவைக் கைவிடுகிறார்கள்.

இன்னும் 2,279 யூரோ மிச்சம் இருக்கும். அதைச் சின்னச் சின்ன மணித்தியாலங்களாகச் செலவழிக்கலாம்.

கிழமைக்கு ஒரு பின்னேரம் மட்டும் வெளியே போக வேண்டும் என்றால்?

என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான். ஒரு நாளில் நீங்கள் வெளியே போயிருக்கும் நேரம் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவு என்றால், அது நாள்கணக்கில் சேராது, மாதப் பணமும் குறையாது. பணம் மட்டும் 3,539 இலிருந்து கழியும். மேலே சொன்ன மிச்சத்தில் கிழமைக்கு நான்கு மணித்தியாலம், மணிக்கு 15 யூரோ என்று போட்டால் 37 கிழமை வரும். தலைமயிர் வெட்ட, பல் வைத்தியரிடம் போக, அல்லது சும்மா கடைத்தெருவில் நடக்க.

எட்டு மணித்தியாலம் என்பது நீங்கள் இல்லாத நேரம், மாற்றாள் வேலை செய்த நேரம் இல்லை. ஹாம் காமாட்சி அம்பாள் தேருக்கு பிறேமனிலிருந்து விடியப் புறப்பட்டு இரவு திரும்பினால் அது ஒரு முழு நாள். ஒரே நாள் என்பதால் மாதப் பணம் குறையாது. எட்டுக் கிழமைக் கணக்கில் ஒரு நாள் போகும், அவ்வளவுதான்.

ஒரே ஆளுக்குத் தொடர்ந்து மணிக்கூலி கொடுப்பதானால், ‘மினிஜொப்’ (குறைந்த சம்பளச் சிறு வேலை) ஆகப் பதிய வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா?

மாற்றாள் பராமரிப்புக்கு வேண்டியதில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, யார், எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு என்று எழுதி, கையொப்பத்தோடு அனுப்பினால் திரும்பக் கிடைக்கும். கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுத்தால் பிற்பாடு கேள்வி வராது. பல மாதத்துப் பற்றுகளைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக அனுப்புவது எங்கள் வழக்கம். மாதம் ஒரு முறை அனுப்பிவிடுங்கள்.

மாதம் 131 யூரோவை எதற்குப் பாவிக்கலாம்?

சுமைக்குறைப்புத் தொகையைக் கையில் தரமாட்டார்கள். மாநிலம் அங்கீகரித்த சேவைக்குத்தான்: வீடு துப்புரவாக்க, கடைக்குக் கூட்டிப்போக, அம்மாவோடு இருந்து கதைக்க. நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலன் போன்ற மாநிலங்களில், பதிந்துகொண்ட அயலவரும் இதைச் செய்யலாம். தமிழ் தெரிந்த ஒருவர் அப்படிப் பதிந்துகொண்டால், மறதி நோய் வந்து டொச்சையே மறந்துவிட்ட ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பணத்தில் மிச்சம் வந்தால் அடுத்த வருடம் ஜூன் 30 வரை செல்லும். ஜூலையில் போய்விடும்.

பகல் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பினால் மாதப் பணம் குறையுமா?

குறையாது. ‘டாகெஸ்பிளேகே’ என்னும் பகல் நிலையத்துக்கு வேறு பெட்டி: நிலை 2 க்கு மாதம் 721, 3 க்கு 1,357, 4 க்கு 1,685, 5 க்கு 2,085 யூரோ. காலையில் வாகனம் வந்து ஏற்றிப்போய், பின்னேரம் கொண்டுவந்து விடும். சாப்பாட்டுக் காசு உங்கள் பொறுப்பு. அதற்கு அந்த 131 யூரோவைப் பாவிக்கலாம்.

அம்மாவைச் சில கிழமைக்கு இல்லத்தில் விடலாமா? சாப்பாடு, மொழி எல்லாம்?

விடலாம். பராமரிப்புச் செலவைக் காசே கட்டும். தங்குமிடம், சாப்பாடு, கட்டடச் செலவு மூன்றையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோவார்கள், ஆகவே முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். இடம் கிடைப்பதும் லேசில்லை. கோடை விடுமுறைக்கு என்றால் மாதக் கணக்கில் முந்த வேண்டும்.

தமிழ் இல்லம் தேடி அலையாமல், இருக்கும் இல்லத்தைத் தயார்படுத்துவதே நடக்கக்கூடியது. ஒரு தாளில் “தண்ணி”, “நோகுது”, “பசிக்குது”, “சலம் வருது” போன்ற சொற்களை டொச் எழுத்தில் எழுதி, பொருளும் போட்டு, கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டார் என்பதையும், மாட்டிறைச்சி எந்த நாளும் வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். குளிப்பாட்டப் பெண்தான் வர வேண்டும் என்று கேட்கலாம். முடிந்தவரை அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே உள்ளது. முதல் தடவையே மூன்று கிழமை விடாமல் நான்கைந்து நாள் விட்டுப் பாருங்கள்.

“வெளியாள் வேண்டாம்” என்று அப்பா அடம்பிடிக்கிறார். சனமும் பெற்ற தகப்பனை விட்டுவிட்டுப் போகிறாள் என்று சொல்லும்.

சனம் சொல்லும். சொல்கிற சனத்தில் ஒருவராவது சனிக்கிழமை நான்கு மணித்தியாலம் வந்து இருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். வந்தால் நல்லது, அவருக்கே மாற்றாள் பணம் கொடுக்கலாம்.

2023 முடிவில் ஜேர்மனியில் பராமரிப்புத் தேவைப்பட்டவர்கள் சுமார் 57 லட்சம். அதில் 86 வீதமானவர்கள் வீட்டிலேயே பார்க்கப்பட்டார்கள். பெற்றோரை வீட்டில் பார்ப்பது எங்கள் பண்பாடு மட்டும்தான், வெள்ளையர் எல்லாம் இல்லத்தில் தள்ளிவிடுகிறார்கள் என்ற கதை இங்கே பொருந்தாது.

அப்பாவைப் பழக்க ஒரு வழி உண்டு. புதிய ஆள் வரும் முதல் நாட்களில் நீங்கள் வீட்டைவிட்டுப் போகாமல் அடுத்த அறையில் இருங்கள். செய்தி வாசித்துக்காட்டுவது, கரம் விளையாடுவது போன்ற வேலையோடு அவர் வரட்டும். குளிப்பாட்டுவது பிறகு.

அம்மாவை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனால் பணம் நிற்குமா?

வருடத்தில் ஆறு கிழமை வரையிலான பயணத்துக்கு மாதப் பணம் நிற்காது. அதற்கு மேல் தங்குவதானால் புறப்படுமுன் காசேயிடம் கேளுங்கள். நிரந்தரமாக அங்கேயே போய்விட்டால் நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடு அல்லது சுவிஸ் என்றால் அங்கே குடிபோனாலும் மாதப் பணம் தொடரும், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அந்த வசதி இல்லை.

விசாவில் வந்து எங்களோடு இருக்கும் பெற்றோருக்கு?

பெரும்பாலும் இல்லை. பிள்ளையின் குடும்பக் காப்பீட்டில் தாய் தகப்பனைச் சேர்க்க முடியாது. நிரந்தர வதிவிடம் உள்ள, ஆனால் காப்பீட்டுக் காலம் போதாத முதியவருக்கு சமூக உதவி அலுவலகத்தின் பராமரிப்பு உதவி இருக்கிறது. அது வேறு சட்டம், அங்கே வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள். வதிவிட அனுமதி பற்றியும் சட்ட ஆலோசனை எடுத்த பிறகே விண்ணப்பியுங்கள்.

எனக்கு ஜொப்சென்டர் பணம் (வேலை இல்லாதவருக்கும் வருமானம் போதாதவருக்கும் அரசு தரும் உதவி) வருகிறது. அம்மா பராமரிப்புப் பணத்தை என்னிடம் தந்தால் வெட்டுவார்களா?

சொந்தத் தாயைப் பார்ப்பதற்காக அவர் தரும் பராமரிப்புப் பணத்தை வருமானமாகக் கணக்கெடுப்பதில்லை. அதற்கு வரியும் இல்லை. ஆனால் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள்.

வேலைக்கும் போய்க்கொண்டு பார்க்கிறேன். எனக்கு வேறு என்ன உண்டு?

திடீரென்று நிலைமை மோசமானால் வருடத்தில் பத்து வேலை நாள் விடுப்பு எடுக்கலாம். சம்பளத்தின் பெரும் பகுதியைக் காசே ஈடுசெய்யும். பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு மாதம் வரை சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று ஓய்வூதியம். நிலை 2 அல்லது அதற்கு மேலுள்ள ஒருவரைக் கிழமைக்குக் குறைந்தது பத்து மணித்தியாலம், இரண்டு நாளாவது பிரித்துப் பார்த்து, வெளி வேலை கிழமைக்கு 30 மணித்தியாலத்தைத் தாண்டாவிட்டால், உங்கள் பெயரில் ஓய்வூதியக் கட்டணத்தைக் காசே கட்டும். அதற்கான வினாப் படிவம் தபாலில் வரும். டொச்சில் எட்டுப் பக்கக் கடிதம் என்று அலமாரிக்குள் போய்விடும் தாள்களில் அதுவும் ஒன்று.

உங்களுக்கே உடல் ஒடிந்துபோனால் மருத்துவர் மூலம் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலை முதல் நோயாளியையும் உடன் கூட்டிப்போய் அங்கேயே பராமரிக்கவைக்கும் உரிமை இருக்கிறது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அதே வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நிலை போடுவார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. தொகைகள் எல்லாம் மேலே சொன்னவைதான்.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள், அல்லது குறைந்த நிலை தந்தார்கள்.

கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதுங்கள். முதல் கடிதத்தில் “ஆட்சேபிக்கிறேன், காரணங்கள் பின்னர்” என்று ஒரு வரி போதும். பிறகு மருத்துவ சேவையின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்தத் துறையில் புள்ளி குறைந்தது என்று உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பதில் எழுதுங்கள்.

எங்கே தொடங்குவது?

அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அழைத்து, பராமரிப்பு நிலைக்கு விண்ணப்பிக்கிறோம் என்று சொன்னாலே போதும். பணம் அந்த மாதத்திலிருந்து கணக்காகும். ஆகவே 31 ஆம் திகதி அழைத்தாலும் பரவாயில்லை, அடுத்த மாதம் 1 ஆம் திகதிக்குத் தள்ளாதீர்கள். ஏற்கெனவே நிலை இருந்தால், இந்த வருடம் 3,539 இல் எவ்வளவு மிச்சம், 131 இல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். இலவச ஆலோசனையும் கேட்கலாம். கேட்ட இரண்டு கிழமைக்குள் நேரம் தர வேண்டும், விரும்பினால் வீட்டுக்கே வருவார்கள்.